டெஸ்ட் அன்று மட்டும் வயிற்றுவலி: நாலாம் வகுப்புப் பெண், பெங்களூரு

சர்ஜாபூர்_அம்மா | திங்கள், இரவு 10:40

வணக்கம். போன வருஷம் தாம்பரத்துலேருந்து பெங்களூரு வந்தோம். வீடு சர்ஜாபூர் ரோடு பக்கம். பொண்ணு நாலாங்கிளாஸ், சிபிஎஸ்இ. அங்க படிச்சப்போ சொல்லும்படியா எந்தப் பிரச்சினையும் இல்ல. இங்க வந்ததுலேருந்து டெஸ்ட் இருக்கிற நாள் காலையில வயித்தைப் பிடிச்சிட்டு உக்காந்துடறா. சில நாள் வாந்தியும் உண்டு. லீவு போட்டா பத்து மணிக்கெல்லாம் சரியாகி தோசை கேக்கறா.

குழந்தைகள் டாக்டர் ஸ்கேன், யூரின் டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்த்துட்டு ஒண்ணும் இல்லன்னுட்டார். வீட்டுக்காரர் "நடிக்கறா, அனுப்பு"ன்றார். மாமியார் திருஷ்டி சுத்திப் போடறாங்க. எனக்கு ரெண்டுலயும் மனசு ஒப்பல. ஸ்கூல்ல வாரா வாரம் ஏதாவது ஒரு டெஸ்ட் இருந்துட்டே இருக்கு. சின்ன கிளாஸுக்கு டெஸ்டே வெக்காத ஸ்கூல் சிலது இருக்காமே, மாத்திடலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


ஹூடி_கேட் | திங்கள், இரவு 11:05

எங்க வீட்லயும் இதே கதைதான் சிஸ், பையனுக்கு வயித்துவலிக்குப் பதிலா தலைவலி. முதல் வேலையா கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பை மியூட் பண்ணுங்க. ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு அம்மா "நாளைக்கு இவிஎஸ் ஆறாவது பாடமும் உண்டா?"ன்னு போடுவாங்க. அவ்ளோதான், மளமளன்னு மெசேஜ் வந்து கொட்டும். நம்ம முகம் மாறும். பசங்க புக்கைப் பார்க்கறதைவிட நம்ம முகத்தைத்தான் ஜாஸ்தி பார்க்குதுங்க.


ஜெயநகர்_நாலாவது_பிளாக் | செவ்வாய், காலை 6:50

கோவிச்சுக்காதீங்க, நேரடியா சொல்றேன். நாங்க படிச்சப்போ வாரா வாரம் டெஸ்ட். மார்க் குறைஞ்சா முட்டி போடணும். வயித்துவலின்னா ஓமத்தண்ணி குடுத்து அனுப்பிடுவாங்க. அப்படி வளர்ந்துதான் இன்னிக்கு ஆபீஸ்ல எந்த டெட்லைன் வந்தாலும் தாங்கறோம்.

லீவு குடுத்தா குழந்தை என்ன கத்துக்கும்? வயித்துவலின்னு சொன்னா டெஸ்ட் போயிடும்னு கத்துக்கும். டெஸ்ட் இல்லாத ஸ்கூல்ல போட்டா, பழக்கமே இல்லாம நேரா பத்தாவது போர்டு எக்ஸாம்ல போய் நிக்கும். பயமே இல்லாம படிப்பு வராதுங்க. புளி இல்லாம ரசம் வெக்க முடியுமா? என் பொண்ணு இப்போ ஒன்பதாவது. ஞாயித்துக்கிழமை தோறும் வீட்லயே டைம் வெச்சு பேப்பர் எழுத வெக்கறேன். பயம்னு ஒண்ணு இப்போ கிடையாது.


அல்சூர்_டீச்சர் | செவ்வாய், காலை 11:20

இந்த ஊரில் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஜெயநகர் தம்பி சொன்னதில் பாதி சரி. லீவு போட்டால் அந்த நேரத்துக்கு நிம்மதி. ஆனால் அடுத்த டெஸ்டுக்கு வலி இன்னும் முன்கூட்டியே வந்துவிடும். தாமதமாகப் போனாலும் சரி, பள்ளிக்குப் போகட்டும். ஓமத்தண்ணி, முட்டி போடுவதெல்லாம் மீதிப் பாதியில் சேரும். அப்போது தாங்க முடியாமல் படிப்பை விட்டுப் போனவர்கள் யாரும் இங்கே வந்து எழுதப்போவதில்லை, இல்லையா?

அம்மாவுக்குச் சில கேள்விகள். எல்லா டெஸ்டுக்கும் வலிக்கிறதா, ஒரு குறிப்பிட்ட பாடத்துக்கா? முந்தின ராத்திரியே ஆரம்பிக்கிறதா, காலையில் யூனிஃபார்ம் போடும்போதா? டெஸ்ட் எழுதும் நாளைவிட, திருத்திய பேப்பர் கைக்கு வரும் நாள் மோசமா? காலண்டரில் கிழமையையும் பாடத்தையும் குறித்துக்கொண்டே வாருங்கள். பரீட்சை பயம் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தால் ஒன்றும் பிடிபடாது. பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொன்றுக்குப் பயப்படும். ஒன்றுக்கு நேரம் போதாது என்ற பயம், இன்னொன்றுக்குக் கையெழுத்து வாங்க அப்பாவிடம் பேப்பரை நீட்டுகிற பயம்.

இன்னொன்றையும் குழந்தையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: நாலாம் வகுப்பில் யாரையும் ஃபெயிலாக்கி உட்கார வைக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, 16-வது பிரிவு அதைத் தடுக்கிறது. 2019-ல் வந்த திருத்தம்கூட ஐந்துக்கும் எட்டுக்கும்தான் அந்த வழியைத் திறந்துவிட்டது. அதிலும் மறுதேர்வு வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் நிறுத்தி வைக்கலாம். "ஒழுங்கா படிக்கலேன்னா இதே கிளாஸ்ல உக்காரணும்" என்று யாரோ விளையாட்டாகச் சொன்னதை நிஜமென்று நம்பி, ராத்திரி தூங்காமல் கிடந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.


மடிவாளா_மாணவி | செவ்வாய், மதியம் 2:10

உளவியல் முதுகலை படிக்கிறேன். டாக்டர் இல்லை, படித்ததைச் சொல்கிறேன்.

வலி நடிப்பு இல்லை. பதற்றம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், ரத்தம் செரிமான உறுப்புகளை விட்டுத் தசைப் பக்கம் திரும்பும், குடலின் அசைவு மாறும். வாந்தி, வயிற்றைப் பிசைவது, அடிக்கடி பாத்ரூம் எல்லாம் அதனால் வருவதுதான். "ஒண்ணும் இல்ல" என்று டாக்டர் சொன்னது உறுப்புகளில் நோய் இல்லை என்ற பொருளில். ஆனால் ராத்திரி தூக்கத்திலிருந்தே எழுப்பும் வலி, எடை குறைவது, மலத்தில் ரத்தம், காய்ச்சல், தொப்புளைச் சுற்றி இல்லாமல் ஓரமாக ஒரே இடத்தில் வலி, இவற்றில் ஏதாவது இருந்தால் திரும்ப டாக்டரிடம் போங்கள்.

ஜெயநகர் சார், உங்கள் ரசத்துக்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் 1908-ல் எலிகளை வைத்துச் செய்தது. கொஞ்சம் தூண்டுதல் இருந்தால் வேலை நன்றாக நடக்கிறது. அளவு மீறினால் கெடுகிறது. இன்னொரு விஷயம், எளிய வேலைக்குக் கூடுதல் தூண்டுதல் தாங்கும், கடினமான வேலைக்கு அது தாங்காது. ஆக உங்களுக்குச் சரியாக இருந்த புளி, மொழியே புதிதான ஒரு ஒன்பது வயதுக் குழந்தைக்குக் கசக்கலாம். கவலை ஓடிக்கொண்டிருக்கும்போது, கணக்கை மனத்தில் வைத்துப் போட வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்ளும். வீட்டில் சரியாகச் சொன்னது பரீட்சை ஹாலில் மறந்துபோவது அதனால்தான்.

வீட்டிலேயே பேப்பர் எழுத வைக்கிறீர்களே, அதில் மட்டும் நான் உங்கள் கட்சி. ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், இன்னொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். அதாவது டெஸ்ட் என்பதே நல்ல படிக்கும் முறை. மார்க் போடாமல், யாரும் பார்க்காமல், தப்பானால் சிரித்துவிட்டு அடுத்ததுக்குப் போகிற மாதிரி இருந்தால்.


சர்ஜாபூர்_அம்மா | வியாழன், இரவு 9:55

டீச்சர், நீங்க சொன்னதும் ஸ்கூல் டைரியைப் புரட்டினேன். வயித்துவலி வந்த நாள் முக்காவாசி வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை கன்னட டிக்டேஷன்! இங்க அதுக்கு உக்தலேகனான்னு பேராம். கணக்கு டெஸ்டுக்கு முகம் சுருங்கும், ஆனா போயிட்டு வந்துடறா.

நேரா உக்கார வெச்சுக் கேட்டா பதில் வராது. தலை பின்னும்போது பேச்சு வாக்குல கேட்டேன். டிக்டேஷன் முடிஞ்சதும் நோட்டைப் பக்கத்துப் பொண்ணுகிட்ட மாத்திக் குடுத்துத் திருத்தணுமாம். அப்புறம் மிஸ் பேர் கூப்பிட, ஒவ்வொருத்தரும் எழுந்து நின்னு மார்க்கைச் சத்தமா சொல்லணும். இவ எழுத்தைப் பார்த்துப் பக்கத்துப் பொண்ணு சிரிச்சிருக்கு. பத்துக்கு ரெண்டு, மூணு வாங்கறதைவிட, அதை எழுந்து நின்னு சொல்றதுதான் இவளுக்குத் தாங்கல.

டெஸ்டே இல்லாத ஸ்கூல்னு நான் தேடினது வேற எதுக்கோன்னு இப்போ தோணுது. கன்னடம் எடுக்காம இருக்க வழி இருக்கா?


அல்சூர்_டீச்சர் | வெள்ளி, காலை 10:05

வழி இல்லை மா, தேடவும் வேண்டாம். கன்னட மொழி கற்றல் சட்டம் 2015-ல் வந்தது. 2017-18 முதல் ஒன்றாம் வகுப்பில் ஆரம்பித்துப் படிப்படியாக எல்லாப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது, சிபிஎஸ்இ உட்பட. இந்த ஊரில் இருக்கப்போகும் பிள்ளைக்கு அந்த மொழி வேண்டும்தானே.

உங்கள் பெண்ணின் வகுப்பில் மற்றவர்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்ததை இவள் நடுவில் வந்து பிடிக்க வேண்டியிருக்கிறது. இதில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. நமக்கு ஒரே ஒரு 'க'. கன்னடத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்து. ச, ட, த, ப வரிசையிலும் அப்படியே. காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகக் கேட்பதை நாலு விதமாக எழுதச் சொன்னால் குழந்தை என்ன செய்யும்? அடுத்தது ஒத்தக்ஷரம். நாம் மெய்யையும் உயிர்மெய்யையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறோம், அவர்கள் இரண்டாவதை அடியில் தொங்க விடுவார்கள். இவள் பக்கத்தில் எழுதியிருப்பாள், அந்தப் பெண் சிரித்திருக்கும்.

செய்ய வேண்டியது: காகுணித அட்டவணை ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள். நம் உயிர்மெய் வரிசை மாதிரிதான், கா, கி, கீ என்று போகும், சீக்கிரம் பிடித்துக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒயிட்ஃபீல்டு கடுகோடியில் மெட்ரோ ஏறி அல்சூர் வரை கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு ஸ்டேஷன் பலகையிலும் பேர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஹூடி சுலபம். குந்தலஹள்ளியில் ஒரு ஒத்து. பையப்பனஹள்ளியில் இரண்டு. பேர் முன்னாலேயே தெரியும் என்பதால் எழுத்தைக் கண்டுபிடிக்கிற விளையாட்டாகிவிடும். டிக்டேஷன் சொற்களை ஒரே மூச்சில் எழுத வைக்காமல் தினம் நாலைந்து. நீங்களும் கூட உட்கார்ந்து எழுதுங்கள். அவள் உங்களுக்குத் திருத்தட்டும். நீங்கள் தப்பு செய்வதைப் பார்ப்பது அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

பள்ளி விஷயம். மார்க்கை எழுந்து நின்று சொல்ல வைக்கும் வழக்கம் எனக்கு எப்போதுமே பிடிக்காது. முன்பு சொன்ன கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடுக்கிறது. ஆனால் சட்டப் பிரிவோடு போய் மிஸ் முன்னால் நிற்காதீர்கள், அந்த மிஸ் தன் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் அப்படிச் செய்கிறார். மற்ற பெற்றோர் இல்லாத நேரத்தில் பார்த்து, "என் பெண் இந்த ஊருக்கு வந்த பிறகுதான் கன்னடம் ஆரம்பித்திருக்கிறாள், அவள் நோட்டை நீங்களே திருத்துங்கள், மார்க்கைச் சத்தமாகக் கேட்க வேண்டாம்" என்று இரண்டே கோரிக்கை வையுங்கள். பத்துச் சொல்லுக்குப் பதில் ஐந்து சொல் கொடுக்க முடியுமா என்றும் கேட்கலாம். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். சம்மதிக்காவிட்டால் ஒருங்கிணைப்பாளர், அப்புறம் பிரின்சிபால்.


ஸ்ரீராம்புரம்_ஆட்டோ | வெள்ளி, இரவு 11:30

சவாரி முடிஞ்சி படிச்சிட்டிருந்தேன். உங்க பசங்களுக்கு நாலாங்கிளாசு டெஸ்ட்டு. எம் பையன் கவுர்மென்ட் ஸ்கூலு, பத்தாவது, எஸ்எஸ்எல்சி. எங்க வூட்ல பத்தாவது வரைக்கும் வந்த மொத ஆளு அவன்தான். அதான் அவன் தலை மேல எல்லாரும் ஏறி உக்காந்துக்கினு இருக்கோம். அவுங்க தாத்தா வேலூர்லேருந்து போன் போட்டு தெனம் கேக்கறாரு.

இப்ப புதுசா பரீட்சை ரூம்ல கேமரா வெக்கறாங்களாம், அதப் பாத்தே பயப்படறான். கேமரா வந்தப்புறம் பாஸ் கம்மியாயிடுச்சுன்னு பசங்க பேசிக்கிறானுங்களாம். நெஜமா மேடம்? வூடு ஒரே ரூமு, டிவி, தங்கச்சி, பக்கத்து வூட்டு சத்தம். எங்க உக்காந்து படிப்பான்? டியூசனுக்கு கேக்கற காசு நம்மால ஆவாது.


அல்சூர்_டீச்சர் | சனி, காலை 9:15

ஐயா, உங்கள் கேள்விகள்தான் இந்த இழையிலேயே கனமானவை.

கேமரா விஷயம் உண்மை. 2024 எஸ்எஸ்எல்சியில் தேர்வறைகளை வெப்காஸ்டிங்கில் கண்காணிக்க ஆரம்பித்தார்கள். தேர்ச்சி 2023-ல் 83.89 சதவீதம், 2024-ல் 73.40. காப்பி அடிப்பது அடைபட்டதால் குறைந்தது என்பது பேச்சு. அதில் உங்கள் பையன் பயப்பட ஒன்றும் இல்லை. கேமரா பக்கத்தில் எட்டிப் பார்ப்பவர்களுக்காக. யோசிக்கத் தலையைத் தூக்கினால் யாரும் வந்து பேப்பரைப் பிடுங்க மாட்டார்கள். இதை அவனிடம் விளக்கிச் சொல்லுங்கள்.

தாத்தாவுக்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. முன்பு மாதிரி ஒரே தேர்வோடு வருடம் போய்விடுவதில்லை. 2024-லிருந்து முதல் தேர்வில் ஒரு பாடம் போனாலும் அதே வருடத்திலேயே மறுபடி எழுதலாம். எதில் மார்க் கூடுதலோ அதுவே நிற்கும். 2025-26 முதல் தேர்ச்சிக்கான அளவையும் இறக்கியிருக்கிறார்கள். மொத்தம் 625-ல் 206 வேண்டும், ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 30 சதவீதம், உள்மதிப்பீட்டு மார்க்கும் சேர்த்து. முதல் மொழி 125, மற்ற ஐந்து பாடங்கள் தலா 100. ஒரு தாளில் கூட்டி எழுதி அவனிடம் கொடுங்கள். இப்போது வாங்குகிற மார்க்கை வைத்து எதில் எவ்வளவு பாக்கி என்று அவனே போட்டுப் பார்க்கட்டும். பத்தாவது என்று பொத்தாம் பொதுவாகப் பயந்துகொண்டிருந்தவனுக்கு, கணக்கில் இன்னும் பன்னிரண்டு மார்க் வேண்டும் என்று தெரிந்தால் உட்கார ஒரு இடம் கிடைத்த மாதிரி.

டியூஷனுக்குப் பதில், மாதிரி வினாத்தாள்களைத் தேர்வு வாரியத்தின் இணையதளத்திலேயே போடுகிறார்கள். போனில் இறக்கிக்கொள்ளலாம். மடிவாளா பெண் சொன்ன மாதிரி பார்க்காமல் எழுதிப் பழகட்டும். எழுதியதைப் பள்ளி ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். கேட்டு வருகிற பிள்ளையை அரசுப் பள்ளி ஆசிரியர்கள் விரட்ட மாட்டார்கள்.


பியூசி_பாவம் | சனி, மதியம் 1:40

இங்க எல்லாரும் அப்பா அம்மாவா இருக்கீங்க, எழுதற ஆள் சார்பா ஒருத்தன் வரேன். ஃபர்ஸ்ட் பியூசி, அதாவது பதினொண்ணாவது, சயின்ஸ்.

எக்ஸாம் அன்னிக்கு மட்டும் எங்க அம்மா ரொம்ப ஸ்வீட்டா பேசுவாங்க. தயிர் சக்கரை, விபூதி, "டென்ஷன் ஆகாத கண்ணா"ன்னு நாலு வாட்டி. மத்த நாள்ல தோசைக்கல்லைத் திருப்பற கரண்டியோட துரத்தறவங்க திடீர்னு இப்படி மாறினா, ஏதோ பெருசா நடக்கப்போகுதுன்னு அப்பதான் எனக்கு உதறும். ஒரு தடவை சொன்னேன், "மா, எப்பவும் மாதிரி திட்டும்மா, அதுவே போதும்"னு. சிரிச்சாங்க. இப்ப பரவால்ல.

அப்புறம் எக்ஸாம் முடிஞ்சு வெளிய வந்ததும் கொஸ்டின் பேப்பரைப் பிடுங்கி "இது என்ன எழுதின, அது என்ன எழுதின"ன்னு பைக்லயே ஆரம்பிக்காதீங்க. அடுத்த எக்ஸாம் நாளைக்கே இருக்கும். போனதைத் தோண்டினா வர்றதும் போயிடும். எங்க அப்பாகிட்ட டீல் போட்டிருக்கேன்: கடைசி எக்ஸாம் வரைக்கும் பேப்பர் பத்தி பேச்சு கிடையாது, வடை வாங்கித் தரணும், அவ்ளோதான்.


கம்மனஹள்ளி_அப்பா | சனி, மாலை 5:20

ஒரு விஷயம் யாரும் தொடல. எங்க பையனுக்கும் இப்படித்தான், டெஸ்ட்னா அழுகை. ஒவ்வொரு பேப்பர்லயும் சிவப்பு மையில "கவனக்குறைவு". வாயால கேட்டா எல்லாம் சொல்வான், எழுதினா எழுத்து மாறிப் போகும். ஆறாவதுல நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியோட குழந்தைகள் மனநலப் பிரிவுல காட்டி டெஸ்ட் பண்ணினப்புறம்தான் டிஸ்லெக்சியான்னு தெரிஞ்சது, அதாவது படிக்கறதுலயும் எழுதறதுலயும் வர்ற கற்றல் குறைபாடு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கு. சிபிஎஸ்இ போர்டு எக்ஸாம்ல மூணு மணி நேரப் பேப்பருக்கு ஒரு மணி நேரம் கூடுதலா குடுப்பாங்க, எழுத ஆளும் கேக்கலாம். சான்றிதழ் கையில இருக்கணும், ஒன்பதாவது பதிவு நேரத்துலயே ஸ்கூல்ல சொல்லிடணும். கடைசி நேரத்துல ஓடினா அலைச்சல்தான்.

சர்ஜாபூர் மேடம், உங்க பொண்ணுக்கு இது இருக்குன்னு சொல்ல வரல. தமிழ், இங்கிலீஷ் நல்லா எழுதறாளான்னு பாருங்க. அதுல சரின்னா கன்னடம் புதுசுங்கறதுதான் காரணம். அதுலயும் தடுமாறினா ஒரு தடவை காட்டிடுங்க.


மடிவாளா_மாணவி | சனி, இரவு 8:00

கம்மனஹள்ளி சார் சொன்னது முக்கியம். பயத்தால் மார்க் குறைகிறதா, படிப்பதில் இருக்கும் தடங்கலால் பயம் வருகிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும்.

பத்தாவது பையனுக்கு ஒன்று. ரமிரெஸ், பெய்லாக் என்ற ஆய்வாளர்கள் 2011-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்: பரீட்சைக்குச் சற்று முன்னால் பத்து நிமிடம் தங்கள் கவலையைத் தாளில் எழுதிவிட்டுப் போன மாணவர்கள், குறிப்பாக அதிகம் பதறுகிறவர்கள், நன்றாகச் செய்தார்கள். அதில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களும் இருந்தார்கள். "ஃபெயிலானா தாத்தா என்ன சொல்வாரு" என்று தம்பி எழுதித் தூக்கிப் போடட்டும், யாரும் படிக்க வேண்டியதில்லை. நாலாம் வகுப்புக்கு இது பொருந்துமா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு மூச்சு போதும்: இழுப்பதைவிட விடுவது நீளமாக, மெழுகுவத்தியை அணைக்காமல் ஆட வைப்பது போல. வலி வந்த பிறகு சொல்லிக்கொடுத்தால் ஏறாது, சாதாரண நாளில் ராத்திரி படுக்கும்போது பழக்குங்கள்.

தூக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. சர்ஜாபூர் டிராஃபிக்குக்குப் பயந்து ஆறே முக்காலுக்கே ஸ்கூல் பஸ் வரும் ஊரில், ஒன்பது மணிக்குப் படுக்காத குழந்தைக்கு அந்தக் கணக்கு எப்படி வரும்? படித்தது தூக்கத்தில்தான் பதிகிறது.

வாரக்கணக்கில் பள்ளிக்கே போக மறுத்தாலோ, சாப்பாடு தூக்கம் போனாலோ, "நான் இல்லாம இருந்தா நல்லாருக்கும்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலோ காத்திருக்காதீர்கள். 14416, டெலி-மானஸ் என்கிற மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். 2022-ல் தொடங்கியது, இதற்குத் தலைமை மையமே நம் ஊர் நிம்ஹான்ஸ்தான்.


ஜெயநகர்_நாலாவது_பிளாக் | ஞாயிறு, காலை 7:15

எழுந்து நின்னு மார்க் சொல்றது தப்புதான், ஒத்துக்கறேன். அது டெஸ்டுல சேராது. ஆனா எல்லாத்தையும் பஞ்சுல சுத்தி வெக்கணுங்கறதுல எனக்கு இன்னும் உடன்பாடு இல்ல. நாளைக்கு நீட், ஜேஇஇ, சிஇடின்னு வரிசையா நிக்குது. அங்க யாரும் மெதுவா கேக்க மாட்டாங்க.


ஹூடி_கேட் | ஞாயிறு, காலை 9:40

சார், நாலாங்கிளாஸ்லயே நீட்டுக்குப் பயந்தா நடுவுல இருக்கிற எட்டு வருஷம் என்ன ஆவுது? எங்க அபார்ட்மென்ட்ல ஆறாவதுக்கே ஃபவுண்டேஷன் கோர்ஸ்னு சேர்த்துட்டுச் சுத்தறாங்க. 16 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களை கோச்சிங் சென்டர்ல சேர்க்கக் கூடாதுன்னு 2024 ஜனவரியில மத்தியக் கல்வி அமைச்சகமே வழிகாட்டுதல் குடுத்தாச்சு. லிஃப்ட்ல நோட்டீஸ் ஒட்டறது மட்டும் நிக்கல.


சர்ஜாபூர்_அம்மா | திங்கள், மதியம் 12:30

மிஸ்ஸைப் பார்த்தேன். நல்லாத்தான் பேசினாங்க. நோட்டை அவங்களே திருத்தறேன்னாங்க. மார்க் சொல்றதை ஒரு பொண்ணுக்கு மட்டும் நிறுத்தினா மத்த பசங்க கேப்பாங்கன்னு யோசிச்சு, எல்லாருக்குமே நிறுத்திப் பார்க்கறேன்னு சொல்லியிருக்காங்க. அஞ்சு சொல் விஷயம் நடக்கல, சிலபஸ் அப்படியாம்.

வலி முழுசா போகல. இந்த வெள்ளிக்கிழமையும் பிடிச்சுது, ஆனா பஸ் ஏறிட்டா. கம்மனஹள்ளி சார், தமிழும் இங்கிலீஷும் தெளிவா எழுதறா, ஸ்கூல் மாத்தற யோசனையை இப்போதைக்கு விட்டாச்சு. வீட்ல நான் கன்னடம் எழுதறதைத் திருத்தறதுக்கு சிவப்பு பேனா வாங்கி வெச்சிருக்கா. ரொம்ப கறாரா போடறா.


ஸ்ரீராம்புரம்_ஆட்டோ | திங்கள், இரவு 11:50

மேடம், 206 கணக்க பையன் போட்டுப் பாத்தான். சயின்சும் கணக்கும்தான் இடிக்குது. மத்தது தாண்டிடுவான். தாத்தாக்கும் போன்ல சொன்னான், அவரு "அப்ப மீதி 419 எங்க"ன்னு கேக்கறாரு! உக்காந்து படிக்க எடந்தான் இன்னும் கெடைக்கல. ரெண்டாவது பரீட்சைக்கு பணம் ஸ்கூல்லயே கட்டணுமா, ஆபீசுக்குப் போவணுமா?


அல்சூர்_டீச்சர் | செவ்வாய், காலை 8:30

பள்ளி மூலமாகத்தான் ஐயா. ஆனால் முதல் தேர்வை எழுதட்டும், அதற்குள் பணம் கட்டப் போகாதீர்கள். படிக்க இடத்துக்கு கப்பன் பார்க் மாநில மைய நூலகம் இருக்கிறது, அந்தச் சிவப்புக் கட்டிடம். ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் மாறினால் கப்பன் பார்க் ஸ்டேஷன். தினம் போக முடியாவிட்டால் உங்கள் பக்கத்து வார்டு நூலகத்தில் விசாரியுங்கள். பள்ளி முடிந்ததும் வகுப்பறையிலேயே ஒரு மணி நேரம் உட்காரலாமா என்று தலைமை ஆசிரியரிடமும் கேட்கச் சொல்லுங்கள், பத்தாவது பிள்ளைகளுக்குப் பல பள்ளிகளில் விடுவார்கள். கணக்கில் எந்தப் பாடம் இடிக்கிறது என்று தம்பியையே இங்கே எழுதச் சொல்லுங்கள். ஜெயநகர் தம்பியிடம் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்கள் கட்டுக்கட்டாக இருக்குமே.


ஜெயநகர்_நாலாவது_பிளாக் | செவ்வாய், காலை 8:52

இருக்கு டீச்சர், ஆனா எல்லாம் சிபிஎஸ்இ ஒன்பதாவது. முக்கோணவியல், புள்ளியியல் கொஞ்சம் நானே தயார் பண்ணித் தரேன். தம்பி இங்கிலீஷ் மீடியமா கன்னட மீடியமான்னு மட்டும் சொல்லுங்க.